மின் ஷவருக்குத் தனி ஐசோலேட்டர் சுவிட்ச் வேண்டுமா, எம்.சி.பி. இருந்தால் போதாதா?

கேள்வி: ஈரக்கை

வணக்கம். மின்பணியில் அனுபவமுள்ளவர்களிடம் ஒரு விளக்கம் கேட்க வேண்டியிருக்கிறது. சற்று நீளமாக எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குளியலறையில், தண்ணீரைத் தேக்கி வைக்காமல் ஓடும்போதே சூடாக்கித் தரும் மின் ஷவர் ஒன்று பல ஆண்டுகளாக எந்தத் தொல்லையும் தராமல் இயங்கிவந்தது. அதன் திறன் 7 கிலோவாட். அது பழுதானதால் சென்ற மாதம் 9.5 கிலோவாட் திறனுள்ள புதிய ஷவரை வாங்கி அதே இடத்தில் பொருத்தினோம். ஷவர் மட்டும்தான் புதியது. 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 32 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவுக்கு மேல் போனால் தானே விழும் சுவிட்ச்), சீலிங்கில் கயிற்றை இழுத்து இயக்கும் ஐசோலேட்டர் (மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும்) சுவிட்ச் ஆகிய எல்லாம் பழையவையே.

அன்றுமுதல் இரண்டு சிக்கல்கள். முதலில் குளிப்பவருக்கு எதுவும் ஆவதில்லை. அடுத்தவர் தலையில் சோப்பு நுரையோடு நிற்கும்போது எம்.சி.பி. விழுந்துவிடுகிறது. இது ஒன்று. அடுத்தது, சீலிங் சுவிட்சின் மூடியைத் தொட்டால் சூடு தெரிகிறது. அதன் ஒரு மூலையில், தேநீர் சிந்திக் காய்ந்ததுபோல ஒரு பழுப்புக் கறை தோன்றியிருக்கிறது. அருகில் போனால் மீன் வாடையைப் போல ஏதோ வீசுகிறது.

பார்க்க வந்த மின்பணியாளர் இரண்டுக்கும் ஒரே நாளில் முடியக்கூடிய தீர்வு சொன்னார். எம்.சி.பி.யை 50 ஆம்பியருக்கு மாற்றிவிடலாம் என்றார். சீலிங் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒயர்களை நேராக இணைத்துவிடலாம் என்றும், "சுவிட்ச் என்பது தேவையில்லாமல் கூடுதலாக நான்கு இணைப்புகள்தான், இணைப்பு குறைந்தால் சூடும் குறையும், ஆஃப் செய்ய எம்.சி.பி. இருக்கிறது, ஷாக் அடிக்காமலிருக்க ஆர்.சி.சி.பி. இருக்கிறது" என்றும் சொன்னார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும், இருந்த ஒரு பாதுகாப்பை எடுத்துவிடுகிறோமோ என்ற உறுத்தல் போகவில்லை. ஐசோலேட்டர் உண்மையில் யாருக்காக, எதற்காக? வேண்டுமென்றால் எந்த வகை, எந்த இடத்தில்?

பதில் 1: செம்புக்கம்பி

நண்பருக்கு வணக்கம். முதலில் எழுந்து போய் அந்த ஷவருக்கான எம்.சி.பி.யை ஆஃப் செய்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். பழுப்புக் கறையும் மீன் வாடையும், சுவிட்சின் பிளாஸ்டிக் உள்ளே வெந்துகொண்டிருப்பதற்கான அடையாளம். சரிசெய்யும் வரை ஒருமுறைகூட அந்த ஷவரை ஓட்ட வேண்டாம்.

சுவிட்சைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எம்.சி.பி.யைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் 50 ஆம்பியருக்கு மாற்றுவது என்ற யோசனைதான் எனக்கு அதிக அச்சம் தருகிறது. 230 வோல்ட்டில் 7 கிலோவாட் ஷவர் சுமார் 30.4 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. சரியான தேர்வு. 9.5 கிலோவாட் ஷவரோ 41.3 ஆம்பியர் இழுக்கும். (ஷவரின் லேபிளையும் ஒருமுறை பாருங்கள். சில தயாரிப்புகளில் திறனை 240 வோல்ட்டுக்குக் குறித்திருப்பார்கள். அப்படியானால் 230 வோல்ட்டில் அதே ஷவர் 38 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகவே இழுக்கும், வெந்நீரின் சூடும் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் உங்கள் சிக்கல் அதனால் மாறிவிடாது.)

அப்படியென்றால் எம்.சி.பி. ஏன் உடனே விழவில்லை என்று கேட்பீர்கள். வீட்டு எம்.சி.பி.களுக்கான ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 60898 தரத்தின்படி, குறிப்பிட்ட அளவைப் போல 1.13 மடங்கு மின்னோட்டத்தில் ஒரு மணி நேரம் அது விழாமல் நிற்க வேண்டும்; 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும். 32 ஆம்பியருக்கு இந்த எல்லைகள் 36.2, 46.4 என்று வரும். உங்கள் ஷவரின் 41.3 இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருக்கும் இருஉலோகத் தகடு மெதுவாகச் சூடேறி வளைந்துதான் விசையை விடுவிக்கிறது. முதல் குளியலில் ஏறிய சூடு ஆறுவதற்குள் இரண்டாவது குளியல் தொடங்கிவிடுவதால், இரண்டாமவருக்குத்தான் நுரையோடு நிற்கும் பாக்கியம் கிடைக்கிறது. எம்.சி.பி. பழுதாகவில்லை, அது தன் வேலையைத்தான் செய்கிறது.

இப்போது அதை எடுத்துவிட்டு 50 ஆம்பியர் போட்டால் என்ன ஆகும்? எம்.சி.பி. இருப்பது ஒயரைக் காப்பதற்கு. 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், சாதாரண பி.வி.சி. உறையுடன் சுவரின் மேல் காற்றோட்டமாக ஓடினால் 46 ஆம்பியர் வரை தாங்கும். அதே ஒயர் வெப்பக்காப்பு நிரப்பிய சுவருக்குள் பைப்பில் போனால் 34 ஆம்பியரோ அதற்கும் குறைவோதான் தாங்கும். 50 ஆம்பியர் எம்.சி.பி.யோ 72 ஆம்பியருக்கு மேல் போனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுவேன் என்கிற ஆள். விழும் தொல்லை நின்றுவிடும், ஒயர் வேகத் தொடங்கும், அது யார் கண்ணிலும் படாது. சுவருக்குள் ஒயரின் காப்புறை வறண்டு வெடிப்பதற்குச் சில ஆண்டுகள்கூட ஆகலாம்.

எனவே 50 ஆம்பியர் எம்.சி.பி. வேண்டுமென்றால் அதற்கு முன் ஒயரை மாற்ற வேண்டும். 10 சதுர மில்லிமீட்டர் ஒயர் சுவரின் மேல் 63 ஆம்பியர் தாங்கும், ஆனால் வெப்பக்காப்புச் சுவருக்குள் அதுவும் 46-க்கு இறங்கிவிடும் என்பதால், ஒயர் எந்த வழியாகப் போகிறது என்பதைப் பார்க்காமல் அளவைச் சொல்ல முடியாது. ஒயரை மாற்ற வழியில்லை என்றால், பழைய திறனுக்கு ஒத்த 7 கிலோவாட் ஷவரை வாங்கிக்கொள்வதுதான் நேர்மையான தீர்வு. குளிக்கும் சுகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

பதில் 2: இருமுனை

செம்புக்கம்பி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஐசோலேட்டரைப் பற்றி நான் எழுதுகிறேன்.

உங்கள் மின்பணியாளர் ஒரே மூச்சில் மூன்று சாதனங்களைச் சொல்லி, ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். அவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒயர் அளவுக்கு மேல் சூடாகாமல் பார்த்துக்கொள்வது எம்.சி.பி. ஃபேஸில் போன மின்னோட்டம் முழுதும் நியூட்ரல் வழியே திரும்பி வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்து, எங்கேனும் கசிந்தால் துண்டிப்பது ஆர்.சி.சி.பி. குளியலறைக்கு 30 மில்லியாம்பியருக்கு மேற்படாத ஆர்.சி.சி.பி. வேண்டும் என்று ஐ.இ.சி. 60364-7-701 கேட்பது, நீரில் நனைந்த உடலுக்கு மின்தடை வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால்தான். குளிப்பவருக்கான காவல் அது. ஐசோலேட்டர் குளிப்பவருக்காக வைத்ததே அல்ல. நாளை அந்த ஷவரின் மூடியைக் கழற்றி உள்ளே கைவிடப் போகிறவருக்காக வைத்தது.

இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் மற்ற கேள்விகளுக்கு விடை தானாக வரும். கைவிடப் போகிறவருக்கு, உள்ளே எந்த முனையிலும் மின்சாரம் இல்லை என்ற உறுதி வேண்டும். ஃபேஸை மட்டும் துண்டிக்கும் ஒற்றைமுனை எம்.சி.பி. அந்த உறுதியைத் தராது. எங்கோ ஒரு பெட்டியில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், அந்த எம்.சி.பி. உண்மையில் நியூட்ரலைத்தான் துண்டிக்கிறது. அப்போது நடப்பதைக் கற்பனை செய்துபாருங்கள்: ஷவர் சூடாகவில்லை, விளக்கு எரியவில்லை, எல்லாம் ஆஃப் ஆனதுபோலத் தோற்றம். ஆனால் 6 ஓம் அளவே தடையுள்ள அந்த ஹீட்டர் சுருளின் இரண்டு முனைகளிலும் முழு 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கிறது. இணைப்பு மாறாத வீட்டிலும், முன்னால் எங்கேனும் நியூட்ரல் அறுந்தால், துண்டிக்கப்படாத அந்த ஒயர் வழியாகவே வோல்ட்டேஜ் உள்ளே வந்துவிடலாம். இதனால்தான் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒரே அசைவில் பிரிக்கும் டபுள் போல் (இருமுனை) சுவிட்ச் வேண்டும் என்கிறோம். எர்த் ஒயர் மட்டும் எக்காரணம் கொண்டும் எந்தச் சுவிட்ச் வழியாகவும் போகக் கூடாது. அது துண்டிப்பில்லாமல் நேராக ஷவருக்குப் போக வேண்டும்.

இடத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஈரக் கையும் தெறிக்கும் நீரும் எட்டாத இடம் என்பதே அடிப்படை. இதற்காகக் குளியலறையை மண்டலங்களாகப் பிரிப்பார்கள். குளியல் தொட்டியின் அல்லது ஷவர் தட்டின் உட்புறம் மண்டலம் 0. அதற்கு நேர் மேலே தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரை மண்டலம் 1. அங்கிருந்து பக்கவாட்டில் 60 சென்டிமீட்டர் வரை மண்டலம் 2. தட்டே இல்லாமல் தரையிலேயே நின்று குளிக்கும் அறையானால், நீர் வெளிவரும் இடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டர் தூரம் வரை மண்டலம் 1 என்று கொள்ள வேண்டும். சாதாரணச் சுவர் சுவிட்சை இந்த மண்டலங்களுக்கு வெளியே, முடிந்தால் குளியலறைக் கதவுக்கு வெளியே வைப்பதே நல்லது. உள்ளேதான் வேண்டுமென்றால் உங்களிடம் இருப்பதைப் போன்ற சீலிங் சுவிட்ச். கைக்கு எட்டுவது மின்கடத்தாத கயிறு மட்டும்தான். மின்முனைகள் உள்ள பெட்டி எட்டாத உயரத்தில் இருக்கும். விவரங்கள் நாட்டுக்கு நாடு சற்று மாறும் என்பதால், உங்கள் பகுதியின் விதியை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பதில் 3: அளவுகோல்

மேலே உள்ளதில் எனக்கு ஒரு சிறிய மாற்றுக்கருத்து உண்டு. தனி ஐசோலேட்டர் இல்லாத ஷவர் என்றாலே குற்றம் என்பதுபோல எழுதுவது சரியல்ல. மின்பலகையில் இருப்பது இருமுனை ஆர்.சி.பி.ஓ. (எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. இரண்டின் வேலையையும் ஒன்றாகச் செய்வது) அல்லது இருமுனை எம்.சி.பி. என்றால், அது துண்டிப்புக்கு ஏற்றது என்ற குறியீட்டோடும் வந்திருந்தால், ஆஃப் நிலையில் அதைப் பூட்டிவைக்கவும் வசதி இருந்தால், அதுவே ஐசோலேட்டரின் வேலையைச் செய்துவிடும். கேட்க வேண்டியது பெட்டி எத்தனை என்பதல்ல. இரண்டு ஒயரும் பிரிகின்றனவா, வேலை நடக்கும்போது வேறொருவர் வந்து அதைத் திரும்ப ஆன் செய்துவிட முடியுமா என்பவையே. மாடியில் ஒருவர் ஷவருக்குள் கைவைத்திருக்க, கீழே மின்பலகையைப் பார்த்த மற்றொருவர் "யாரோ ஆஃப் செய்திருக்கிறார்களே" என்று நல்லெண்ணத்தோடு ஆன் செய்வதுதான் இதிலுள்ள ஆபத்து. ஷவருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சுவிட்ச் அந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காக நானும் அதை வைக்கத்தான் சொல்வேன். விதி கட்டாயப்படுத்துகிறது என்பதற்காக அல்ல.

இன்னொன்று, "இணைப்பு குறைந்தால் சூடு குறையும்" என்ற அவருடைய வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது என்பதையும் மறுக்கக் கூடாது. ஒவ்வொரு டெர்மினலும் பழுதாகக்கூடிய ஓர் இடம்தான். ஆனால் அவர் சொல்லும் மாற்று என்ன? இரண்டு ஒயர்களைச் சீலிங்குக்கு மேல் ஒரு கனெக்டரில் சேர்த்து மூடிவிடுவது. அதுவும் ஓர் இணைப்புத்தான். பழுத்தால் கறையும் தெரியாது, வாடையும் எட்டாது. சுவிட்ச் குறைந்தபட்சம் கண்ணில் படும் இடத்திலிருந்து உங்களை எச்சரித்திருக்கிறது.

பதில் 4: பழுப்புக்கறை

நான் மின்பணியாளர் அல்லன், இதே அனுபவத்தைக் கடந்து வந்தவன் என்பதால் எழுதுகிறேன். எங்கள் வீட்டு ஷவர் சுவிட்சும் இப்படித்தான் சூடாகத் தொடங்கியது. எம்.சி.பி. ஒருநாளும் விழவில்லை. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் ஒழுங்காக விழுந்தது. எனவே எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று மூன்று வாரம் ஓட்டினோம். ஒருநாள் கயிற்றை இழுத்தபோது "டக்" என்ற சத்தத்துக்குப் பதிலாக "சர்ர்" என்று ஒரு பொரியும் ஓசை கேட்டது. அதன்பின்தான் மெயினை ஆஃப் செய்துவிட்டு ஆளை வரவழைத்தோம்.

அவர் மூடியைத் திறந்து காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. நான்கு டெர்மினல்களில் மூன்று புதிதுபோலப் பளபளத்தன. ஷவருக்குப் போகும் நியூட்ரல் டெர்மினல் மட்டும் கருகியிருந்தது. அதன் ஒயரின் காப்புறை இரண்டு விரற்கடை நீளத்துக்குச் சுருங்கி, உள்ளிருந்த செம்பு சிவப்பு போய் ஊதா கலந்த கருமையாக மாறியிருந்தது. ஸ்க்ரூவில் ஸ்க்ரூடிரைவரை வைத்ததும் விரலால் திருகுவதுபோல ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. அவர் சொன்ன கணக்கை எழுதிவைத்திருக்கிறேன். தளர்ந்த அந்த இடத்தில் தடை 0.05 ஓம் என்று வைத்துக்கொண்டால், 40 ஆம்பியர் போகும்போது அங்கே 80 வாட் வெப்பம் உண்டாகும். சால்டரிங் செய்யும் 25 வாட் அயர்ன் மூன்றை ஒரு தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக்குக்குள் வைத்து மூடியதற்குச் சமம் என்றார்.

எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று கேட்டேன். தளர்ந்த இணைப்பினால் மின்னோட்டம் கூடுவதில்லை, ஒரு பொட்டு குறையத்தான் செய்கிறது, அதனால் எம்.சி.பி.க்கு அது தெரியாது. மின்சாரம் எங்கும் கசியவும் இல்லை, அதனால் ஆர்.சி.சி.பி.க்கும் தெரியாது, மூக்குக்கும் விரலுக்கும்தான் தெரியும் என்றார்.

ஒரு கேள்வி: நாங்கள் தினமும் அந்தக் கயிற்றை இழுத்துத்தான் ஷவரை ஆன், ஆஃப் செய்துவந்தோம். அதுவும் காரணமாக இருக்குமா?

பதில் 5: இருமுனை

பழுப்புக்கறை அவர்களே, காரணமாக இருக்கும். ஷவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கயிற்றை இழுத்தால், 40 ஆம்பியரைப் பிரிக்கும் அந்தக் கணத்தில் தொடுமுனைகளுக்கிடையே ஒரு சிறு தீப்பொறி எழும். ஒவ்வொரு முறையும் முனையின் மேற்பரப்பு கொஞ்சம் பொரிந்து கரடாகும். கரடான முனை முழுதாகப் படியாது. படியாத இடம் சூடாகும். சூடான முனையின் வில் தன் இறுக்கத்தை இழக்கும். முறை மிக எளிது: முதலில் ஷவரின் பொத்தானில் நிறுத்துங்கள், பிறகு கயிற்றை இழுங்கள். ஆன் செய்யும்போது கயிறு முதலில், பொத்தான் பிறகு. நாள்தோறும் கயிற்றை இழுக்க வேண்டிய அவசியமும் இல்லை. வெளியூர் போகும்போதும் பழுது பார்க்கும்போதும் இழுத்தால் போதும். அவசரம் என்றால் மட்டும், ஓடிக்கொண்டிருந்தாலும் யோசிக்காமல் இழுத்துவிடுங்கள்.

உங்கள் மின்பணியாளர் ஒரு டெர்மினல் மட்டும் கருகியிருந்ததைக் காட்டினார் அல்லவா? கேள்வி கேட்ட ஈரக்கையும் இதைக் கவனிக்க வேண்டும். நான்கும் ஒரே அளவில் சூடேறியிருந்தால் சுவிட்ச் அல்லது ஒயர் போதாமல் திணறுகிறது. ஒன்று மட்டும் கருகியிருந்தால் அந்த ஸ்க்ரூதான் தளர்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு.

சுவிட்சில் உள்ள சிறு நியான் விளக்கை நம்பி யாரும் கைவைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆஃப் செய்தபின்னும் அது எரிந்தால் முனைகள் ஒட்டிக்கொண்டன என்று பொருள். அது எல்லோருக்கும் புரியும். எரியாமல் போவதில்தான் சூழ்ச்சி இருக்கிறது. அந்த நியான், ஷவர் பக்கத்து ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே இணைக்கப்பட்டிருக்கும். சூட்டில் ஃபேஸ் முனை உருகி ஒட்டிக்கொண்டு நியூட்ரல் முனை மட்டும் பிரிந்தால், திரும்பும் வழி இல்லாததால் நியான் அணைந்துவிடும். ஷவருக்குள்ளோ ஃபேஸ் முழு வோல்ட்டேஜோடு இருக்கும். எனவே வேலை செய்கிறவர் இருமுனை வோல்ட்டேஜ் டெஸ்டரால் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் என்ற மூன்று ஜோடிகளையும் பார்க்க வேண்டும். அதற்கு முன்பும் பின்பும், மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் அந்த டெஸ்டரே வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்க்ரூடிரைவர் டெஸ்டர் இதற்கு உதவாது. இது மின்பணியாளர் செய்ய வேண்டிய சோதனை. இங்கே எழுதுவது, அவர் செய்கிறாரா என்று நீங்கள் நின்று பார்ப்பதற்காக.

பதில் 6: நீர்க்குடம்

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எங்களிடம் இருப்பது தண்ணீரைத் தேக்கிச் சூடாக்கும் 2 கிலோவாட் ஹீட்டர். இவ்வளவு கவலை அதற்கும் தேவையா? சில நாட்களாக ஷவர் குழாயின் உலோகப் பகுதியைத் தொட்டால் விரல் நுனியில் லேசாகச் சுரீர் என்கிறது. செருப்பணிந்து குளித்தால் தெரிவதில்லை.

பதில் 7: செம்புக்கம்பி

நீர்க்குடம் அவர்களே, செருப்பை விடுங்கள். இன்றே அந்த ஹீட்டரை மின்பலகையில் ஆஃப் செய்யுங்கள், யாரையும் அதில் குளிக்க விடாதீர்கள். 2 கிலோவாட் ஹீட்டர் 9 ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும் என்பதால் ஒயரும் சுவிட்சும் சிறியவை போதும். 20 ஆம்பியர் டபுள் போல் சுவிட்ச் தாராளம். ஆனால் ஷாக்குக்கு கிலோவாட் கணக்குத் தெரியாது. ஆம்பியரின் நூறில் ஒரு பங்கான 10 மில்லியாம்பியர் அளவிலேயே, பிடித்த கை விட முடியாமல் இறுகிப்போகலாம்.

சுரீர் என்கிறது என்றால் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஹீட்டர் சுருளின் உறையில் விரிசல் விழுந்தோ, வேறெங்கோ காப்பு கெட்டோ மின்சாரம் கசிகிறது. அதை வாங்கிக்கொண்டு போக வேண்டிய எர்த் இணைப்பு சரியாக இல்லை. எர்த் ஒழுங்காக இருந்திருந்தால் கசிவு அந்த வழியே போயிருக்கும், ஆர்.சி.சி.பி.யும் விழுந்திருக்கும். உங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, இருந்தால் டெஸ்ட் பொத்தானுக்கு விழுகிறதா என்பதையும் வருபவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். சுருளை மாற்றியதோடு நிறுத்தாமல் எர்த்தையும் அளந்து காட்டினால்தான் வேலை முடிந்தது என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஈரக்கை (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. அன்றே எம்.சி.பி.யை ஆஃப் செய்து, கைப்பிடியில் ஒரு துண்டுச் சீட்டையும் ஒட்டிவிட்டேன். இரண்டு நாள் வாளியில் வெந்நீர் எடுத்துத்தான் குளித்தோம். வேறொரு மின்பணியாளரை அழைத்து, இங்கே வந்த பதில்களை வாசித்துக் காட்டினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார்.

சீலிங் சுவிட்சைத் திறந்தபோது, அது டபுள் போல்தான் என்பது தெரிந்தது. ஆனால் மூடியின் உட்புறத்தில் 32 ஆம்பியர் என்று பொறித்திருந்தது. பழைய ஷவருக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது. நான்கு டெர்மினல்களிலும் நிறம் மங்கியிருந்தது. ஷவருக்குப் போகும் ஃபேஸ் டெர்மினல் மட்டும் முழுதாகக் கருகி, ஸ்க்ரூவின் தலை பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இருமுனை அவர்கள் சொன்ன இரண்டும் சேர்ந்தே வந்த கதை எங்களுடையது. ஷவரின் லேபிளையும் பார்த்தோம்: 9.5 கிலோவாட் என்பது 240 வோல்ட்டுக்கு.

ஒயர், பாதி தூரம் சுவருக்குள் பைப்பிலும் மீதி சீலிங்குக்கு மேல் வெப்பக்காப்புக்கு அடியிலும் போவதாக அவர் கண்டுபிடித்தார். வெப்பக்காப்பில் புதையாத வேறு வழியில் 10 சதுர மில்லிமீட்டர் ஒயரை இழுத்து, அதன் கொள்ளளவை அட்டவணையில் பார்த்துச் சரிசெய்த பிறகே எம்.சி.பி.யை எடுத்துவிட்டு, 40 ஆம்பியர் இருமுனை ஆர்.சி.பி.ஓ. போட்டார். எங்கள் வீட்டு வோல்ட்டேஜில் 38 ஆம்பியருக்கு மேல் போகாது என்பதால் 50 தேவைப்படவில்லை. சீலிங்கில் 50 ஆம்பியர் டபுள் போல் சுவிட்ச் புதிதாக வந்திருக்கிறது. ஆன், ஆஃப் நிலையைக் காட்டும் சிறு கொடி அதில் உண்டு.

ஒரே ஒரு ஐயம் மீதமிருக்கிறது. டெர்மினல்களை இறுக்கிய பிறகு, ஒயர்களை மடித்து மூடியை மூடும்போது அவை மறுபடி தளர்ந்துவிடாதா?

பதில் 8: இருமுனை

நல்ல கேள்வி, பலர் கோட்டை விடும் இடம் அதுதான். 10 சதுர மில்லிமீட்டர் ஒயர் விறைப்பானது. இறுக்கிய பிறகு அதைப் பெட்டிக்குள் திணித்தால், ஸ்க்ரூவுக்கு அடியில் அது புரண்டு இறுக்கம் போய்விடும். முதலில் ஒயரை மடித்துப் படுக்க வேண்டிய விதத்தில் படுக்கவைத்து, பிறகு தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு டார்க் ஸ்க்ரூடிரைவரால் (முடுக்கும் விசையை அளவாக வைக்கும் கருவி) முடுக்கி, ஒவ்வொரு ஒயரையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு மூட வேண்டும். காப்புறை ஸ்க்ரூவுக்கு அடியில் சிக்கியிருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கான சோதனை ஒன்று உண்டு. ஒரு வாரம் கழித்து, பத்து நிமிடம் ஷவரை ஓட்டி நிறுத்திய பின் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஏணியில் ஏறிச் சுவிட்ச் மூடியின் வெளிப்புறத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருந்தால் இயல்பு. கையை எடுக்கத் தோன்றினால் ஆர்.சி.பி.ஓ.வை ஆஃப் செய்துவிட்டு அவரையே திரும்ப அழையுங்கள்.